நார் ஓடுகிற பக்கம்

நான் அடிக்காமல் விட்ட ஒரு சுத்தியல் அடியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஒருவரை அடித்துவிட்டு வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. என் வெட்கம் அந்த ரகம் இல்லை. கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். ஓங்கக்கூட வேண்டாம், சுமாராக ஒரு அடி போட்டிருந்தால் போதும். நான் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுபதுகளில் நடந்தது. டிப்ளமா முடித்துவிட்டு எங்கள் ஊரான கல்பாத்தியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போய் வருவது, ஆற்றில் குளிப்பது, வருகிற போகிறவர்களிடம் "இன்னும் ஒண்ணும் ஆகலை" என்று சொல்வது, இதுதான் உத்தியோகம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி எலப்புள்ளிப் பக்கம் ஒரு சிமெண்ட் சாமான் பட்டறையில் வேலை கிடைத்தது. சாலை ஓரம் இருந்த தன் நிலத்தில் பாதியை வளைத்து ஒரு விவசாயி ஆரம்பித்திருந்த பட்டறை அது. மாட்டுத் தொட்டி, கால்வாய் மூடுகிற சிலாப், கிணற்று உறை எல்லாம் அங்கே வார்ப்போம். வேலை செய்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேரிலும் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி என்னை "இஞ்சினீர் சாமி" என்று கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். நான் முழுவதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போது கம்பிக்குப் பெரிய தட்டுப்பாடு. எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் முதலாளி காலியான கம்பிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே, "கம்பி இல்லீன்னா தேங்காய் நாரைப் போட்டு வாருங்க சாமி. மண்ணுச் சுவத்துக்கு வைக்கோல் போட்டு மிதிக்கறதில்லீங்களா?" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு வண்டி நார் வந்து இறங்கியது.

முதலில் நாரை விரல் நீளத்துக்கு வெட்டிக் கலவையில் போட்டோம். உப்புமாவில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி நார் அங்கங்கே திரண்டுகொண்டது. ஒரு இடத்தில் நார்க் கட்டி, பக்கத்தில் வெறும் சிமெண்ட். சிலாப் காய்ந்து அச்சிலிருந்து எடுப்பதற்குள் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். இரண்டு கல்லின் மேல் குறுக்கே வைத்து ஆட்களை ஏறி நிற்கச் சொல்வோம். மூன்றாவது ஆள் ஏறும்போதே டப்பென்று உடைந்துவிடும். உடைகிற ஒவ்வொன்றுக்கும் நான் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதில் பாதி எனக்கே புரியாது.

ஆனால் உடைந்த துண்டுகளைத் தினமும் பார்த்துப் பார்த்து ஒன்று மட்டும் புரிந்தது. விரிசலுக்குக் குறுக்கே கிடக்கிற நார்தான் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. விரிசல் போகிற வழியிலேயே படுத்துக் கிடக்கிற நார் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிற ஆள் மாதிரி, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்படியானால் நாரை வெட்டவே கூடாது. முழு நீளத்துக்கு, எல்லாம் ஒரே பக்கமாக, சிலாப்பின் அடிப்பாகத்தில் பரப்ப வேண்டும். இதைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போகிறதில் எனக்குப் பெருமைப்பட வேறு எதுவும் கிடையாது, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கண்டுபிடித்தது நான், செய்து காட்டியது அங்கே வேலை செய்த ஒருத்தி. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டறையிலிருந்து கால் மணி நடையில்தான் வீடு. வார்த்த சிலாப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நார் அலசுவதும் அவள் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளை நான் 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னைச் 'சாமி' என்றாள். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை.

நாரைக் கையால் பரப்பினால் சுருண்டு சுருண்டு திரும்பிக்கொள்ளும். நான் கத்திப் பார்த்தேன். நாரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? அவள் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பலகைத் துண்டு கொண்டு வந்தாள். பட்டறை ஆணிகளை வாங்கி அதில் வரிசையாக அறைந்தாள். அதுதான் சீப்பு. அடியில் ஒரு விரற்கடை கலவையைப் போட்டு, அதன் மேல் ஊறவைத்த நாரை விரித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் சீவுவாள். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தினமும் தலை சீவிவிடுகிற கை. சிக்கு எங்கே இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். சீவி முடித்ததும் மேல் கலவையைப் போட்டு மட்டப்பலகையால் இழுத்துவிடுவார்கள்.

அப்படி வார்த்த முதல் சிலாப்பைக் கல்லின் மேல் வைத்து ஆட்களை ஏற்றினோம். மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர். ஆறாவது ஆளுக்கு நிற்க இடமில்லை, இன்னொருவன் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். சிலாப் லேசாகத் தொய்ந்ததே தவிர உடையவில்லை. முதலாளி எனக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். எனக்கு மட்டும்.

டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்து, "ஏனுங்க சாமி, இதையே அக்கட்டால திருப்பி வெச்சு ஏறச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றாள்.

நார் கல்லுக்குக் கல் ஓடாமல் குறுக்கே போகிற மாதிரி திருப்பி வைத்தோம். இரண்டாவது ஆள் ஏறியதும் இரண்டாகப் போய்விட்டது.

"மூங்கில் மாதிரித்தானுங்க" என்றாள். "மேல ஏறி மிதிச்சா வளையுது, ஒடைய மாட்டேங்குது. நீளவாக்குல கத்தி வெச்சா சும்மா பொளந்துட்டுப் போயிருதுங்க."

அதுதான் விஷயம். நார் ஒரு பக்கமாக ஓடினால் அந்தப் பக்கத்துக்கு அத்தனை பலம். மறுபக்கத்துக்கு ஒன்றுமே இல்லை, விரிசல் நாருக்கும் நாருக்கும் நடுவில் சுகமாக ஓடிவிடும். எங்கள் சிலாப்போ இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, சதுரம். காய்ந்த பிறகு உள்ளே நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வார்த்தவனுக்கே தெரியாது. இரண்டு பக்கமும் நார் போடலாமே என்று கேட்டால், கனம் ஏறிவிடும், நாளுக்குப் பாதிதான் வார்க்க முடியும் என்று முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கும் அவள்தான் வழி கண்டாள். மேல் கலவை ஈரமாக இருக்கும்போதே ஓர் ஆணியை எடுத்து, நார் ஓடுகிற பக்கமாக ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே கோடு. சுமை ஏற்றுகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்: "கால்வாயோட இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்குக் கோடு போகோணும். மத்தது ஒண்ணும் நீங்க யோசிக்க வேண்டாம்." எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற பாடம். என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் வந்தது.

கொஞ்ச நாளில் வந்தது வினை. எங்களிடம் சிலாப் வாங்கியவர்கள் எல்லாம் கிழக்குப் பக்கத்து விவசாயிகள். மாட்டுக் கொட்டகைக்கு, புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு என்று வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். அது அடையாளக் கோடு என்று நான் எவ்வளவு சொன்னாலும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "விரிசல் உட்டதை ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போறதுங்களா? மாடு கன்னு நிக்கற எடமுங்க." விரிசல் விட்ட பானையில் பொங்கல் வைக்காத ஜனங்கள். விரிசல் மாதிரி இருப்பதைக்கூடக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஒருவர் ஏற்றிய வண்டியையே இறக்கச் சொல்லிவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். விரிசல் விடாத சிலாப்பை விரிசல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோட்டை ஒழிச்சுக் கட்டுங்க சாமி" என்றார்.

நான் அவளிடம் போய், இனிமேல் கோடு வேண்டாம் என்றேன்.

"அப்பறம் எந்தப் பக்கமுன்னு எப்படீங்க தெரியும்?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "சரிங்க, மேல வேண்டாம். நார் முடியற ஓரத்துல, பக்கவாட்டுல கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கீட்டாப் போவுது. வாங்கறவங்க கண்ணுல படாது, வெக்கறவங்க கைக்குத் தெரியும்" என்றாள்.

நல்ல யோசனை. அது நல்ல யோசனை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் அவள் அதைச் சுமைக்காரர்கள் நான்கு பேர் நிற்கும்போது சொன்னாள். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "இஞ்சினீர் அக்காவே சொல்லீருச்சு" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ நாரைச் சீவற வேலையைப் பாரு. லோடோட நானே போய் வெச்சுக்கறேன்" என்றேன். அவள் ஆணியைக் கொண்டுபோய்ப் பழைய டப்பாவில் போட்டாள். அச்சுக்குள் நார் ஓடிய பக்கத்தை நான் சாக்பீஸால் சிலாப்பின் அடியில் குறித்துக்கொண்டேன். ஒரு மழை பெய்தால் போய்விடும். அது போதும் என்று நினைத்தேன்.

முதல் நாலைந்து லோடு சொன்னபடி போனேன். கூடவே நின்று, "இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு" என்று அதிகாரம் பண்ணி வைக்கச் சொன்னேன். ஐப்பசியில் கல்பாத்தித் தேர் வந்தது. எங்கள் தெருவில் பிறந்தவன் தேரன்றைக்கு வெளியூரில் இருக்க மாட்டான். நான் லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகைக்கு ஆறு சிலாப் அந்த வாரம்தான் போனது. நடுவில் நல்ல மழை. சாக்பீஸ் குறி எங்கே நிற்கும்? வந்ததும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்த பிறகு, நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அப்படியே பத்துப் பதினைந்து நாள் போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் அந்த விவசாயி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு சிலாப்பின் இரண்டு பாதி. இறக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை, தானே இழுத்து முதலாளியின் காலடியில் தள்ளினார். வேலந்தாவளம் சந்தையில் புதிதாகப் பிடித்து வந்த சினைமாடு. கால்வாயைத் தாண்டும்போது சிலாப் பிளந்து முன்னங்கால் உள்ளே போய்விட்டது. எலும்பு முறிந்துவிட்டதாம். "எந்திரிக்க மாட்டேங்குதுங்க. வயித்துல கன்னு வேற" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

முதலாளி குனிந்து உடைந்த இடத்தைப் பார்த்தார். கையால் தடவினார். சுத்தமான உடைப்பு, கத்தியால் வெட்டின மாதிரி. ஒரு நார்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"இதுல நாரே இல்லையே" என்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நார் எங்க போச்சு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நாரைக் கொண்டுபோய்க் கயிறு திரித்து விற்றுவிட்டாளா என்பதுதான் கேள்வி. முதலாளி அதை வாயால் சொல்லவில்லை. சுமைக்காரன் ஒருவன் சொல்லிவிட்டான், முன்பு 'இஞ்சினீர் அக்கா' என்று சிரித்த அதே ஆள்.

எனக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. நார் இல்லாமல் இல்லை. உடைப்பு நாரோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. அதனால்தான் ஒரு நார்கூட அறுபடவில்லை, வெளியே தெரியவில்லை. ஒரு நாராவது கோணலாகக் கிடந்திருந்தால் அது இழுத்துக்கொண்டு நீட்டியிருக்கும். அத்தனை ஒழுங்காகச் சீவியிருக்கிறாள். அவள் எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதை வைத்தே அவளைத் திருடி என்கிறார்கள். அந்த இடத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும்.

அவள் பயப்படவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாள். "நார் உள்ளதான் இருக்குதுங்க. சிலாப்பைத் திருப்பி வெச்சுட்டாங்க. அந்தத் துண்டைக் குறுக்க ஒரு அடி அடிச்சுப் பாருங்க, நாரு தானா வெளிய வரும்" என்றாள்.

முதலாளி நியாயமான மனுஷர், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஒரு சுத்தியலை எடுத்து வரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க சாமி. படிச்சவங்க நீங்க. அடிச்சுப் பாக்கோணுங்களா?"

அடித்தால் நார் வெளியே வரும். வந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் திருப்பி வைத்தது? ஏன் கோடு இல்லை? கோடு வேண்டாம் என்றால் வேறு அடையாளம் ஏன் இல்லை? கூடப் போகிறேன் என்று சொன்னவன் எங்கே போனான்? அந்த விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் தேர் பார்க்கப் போயிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு நிற்கிறாள், என் சம்பளத்தை வைத்துத்தான் அப்பா பேச்சே எடுத்திருக்கிறார். இதையெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் யோசித்தேன். யோசிக்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

"வேண்டாம்" என்றேன். "அடிச்சு என்ன ஆகப்போறது? நார் விட்டுப்போயிருக்கு."

விட்டுப்போயிருக்கு! யாருமே விடாமல், தானாக விட்டுப்போன மாதிரி. பொய் சொல்லும்போதுகூட முதுகெலும்போடு சொல்லத் தெரியவில்லை எனக்கு. சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட நினைத்தேன், அப்படித் தூற்றியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் நார்த் தொட்டிக்குப் போய்ச் சீப்பை அலசினாள். அலசிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து அதிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "ஆணி உங்குளுது. பலகை எம்பட ஊட்டுது" என்றாள். முதலாளியிடம், "இந்தப் பாதியை நான் எடுத்துக்கறனுங்க" என்று உடைந்த சிலாப்பில் ஒரு பாதியைக் காட்டினாள். "எடுத்துட்டுப் போ, போ" என்றார் அவர் வெறுப்பாக. சாயங்காலம் அவள் புருஷன் வந்து அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லோரும் போன பிறகு மற்றப் பாதியைக் கல்லின் மேல் வைத்துக் குறுக்கே ஒரு அடி அடித்தேன். சிமெண்டில் விரிசல் விட்டது, ஆனால் துண்டு விழவில்லை. நார்கள் பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு அடி அடித்த பிறகுதான் தொங்கியது. உள்ளே அத்தனை நாரும் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே பக்கமாக. அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி வீட்டுக்குப் போயிருக்கலாம். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு, விளக்கு வைக்கக்கூட நேரமாகவில்லை. நான் அந்தத் துண்டை மணல் குவியலுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

"என்னடா, சாதம் எறங்கலையா நோக்கு?" என்று அம்மா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அன்றிலிருந்து அது எனக்குப் பழகிய பதில் ஆகிவிட்டது.

இதற்கு மேலும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே வேலந்தாவளம் போய், மீதி ஐந்து சிலாப்பையும் பார்க்க வந்ததாகச் சொன்னேன். தட்டிப் பார்த்து, நெம்பித் தூக்கி அடியில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமாக இருந்த இரண்டைத் திருப்பி வைத்தேன். மாட்டை முந்தின நாள்தான் அடிமாடாகக் கொண்டுபோயிருந்தார்கள், கொட்டகையில் அதன் இடம் காலியாக இருந்தது. "லீவுநாள்லகூட வந்து பாக்கறீங்களே சாமி" என்று அந்த விவசாயி எனக்கு மோர் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளியிடம், சிலாப்பின் பக்கவாட்டில் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும், வாங்குகிறவர்கள் கண்ணிலும் படாது என்றேன். "இதுக்குத்தான் படிச்சவங்க வேணுங்கறது" என்று முதுகில் தட்டினார். அதன் பிறகு எங்கள் சிலாப் ஒன்றுகூட உடைந்து திரும்பி வரவில்லை. கம்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் நார் சிலாப்பையே கேட்டு வாங்கினார்கள். சீவுகிற வேலைக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் சீவியதில் சிக்கு இருக்கும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அவளுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. 'நார் திருடி' என்று பேர் விழுந்துவிட்டது. வெயிலில் ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது சாலை ஓரம் ஜல்லி உடைக்கிறவர்களைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்களில் அவள் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு இடுக்கி மலைப் பக்கம் ஒரு கட்டட வேலையில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. பட்டறையிலிருந்து விலகி நாலு நாள் ஆகியிருந்தது. அக்கா கல்யாணமும் முடிந்துவிட்டது. பயப்படுவதற்கு இனி ஒன்றும் இல்லை. அதனால்தான் தைரியம் வந்தது, மனசாட்சியால் இல்லை. ஒருநாள் காலையில் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலுக்கு முன்னால் தண்ணீர் போகிற ஓடை ஒன்று. அதன் மேல் அந்தப் பாதிச் சிலாப் பாலம் மாதிரிக் கிடந்தது. காய்ந்து இறுகிய சிமெண்டில் ஆணியாலோ உளியாலோ இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு கீறியிருந்தாள். எத்தனை நாள் உட்கார்ந்து கீறினாளோ, நல்ல ஆழம். நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன்.

அவள் முறத்தோடு வெளியே வந்தாள். கை காய்த்துப்போயிருந்தது, ஆளும் கறுத்திருந்தாள். என்னைக் கண்டு ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "மிதிச்சு வாங்க சாமி, ஒண்ணும் ஆகாது" என்றாள். "வண்டி மாடே தாண்டிப் போவுதுங்க."

நான் மிதிக்கவில்லை. அந்தக் கரையிலேயே நின்றுகொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு உள்ள நார் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க என்னை மன்னிக்கணும்." முதல் தடவையாக 'நீங்க' என்றேன். இவ்வளவு தாமதமாக வந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"உங்குளுக்குத் தெரியுமுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"தெரியாதவங்களா இருந்தா, ஒரு அடி அடிச்சுப் பாத்திருப்பீங்களே."

அவள் முறத்திலிருந்ததை இரண்டு தடவை புடைத்தாள். பிறகு கோபமே இல்லாமல், வழி சொல்கிற மாதிரி, "இதை எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க ஆவுது? எனக்குத்தான் தெரியுமே. பட்டறையில போய்ச் சொல்லுங்க, அத்தனை பேரும் இருக்கறப்ப. மூத்தவளைப் பொண்ணு பாக்க வந்தவங்க இதைக் கேட்டுட்டுத்தானுங்க திரும்பிப் போனாங்க" என்றாள்.

"இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்றேன். அப்போது அதை நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன்.

"செரிங்க" என்றாள்.

பட்டறை நடக்கிற தூரம்தான். நான் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது, கண்டக்டர் எங்கே என்று கேட்டார். என் வாய் டவுன் என்றது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பட்டறை ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே சிலாப்களை அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு கட்டை விரல் குழி. முதலாளி வெளியில்தான் நின்றிருந்தார், என்னைப் பார்த்து, இறங்கப்போகிறேன் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு கிழவர் மெதுவாக ஏறினார். நேரம் நிறைய இருந்தது. டவுன் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.